‘கைவிடப்பட்ட கேன்வாஸ்’ என்று ஒரு பொய்

போன வருஷம் நான் ஒரு ஓவியத்தை அழித்தேன். அதற்குக் கைதட்டல் வாங்கினேன். சான்றிதழ்கூட கொடுத்தார்கள்.

ஓவன் ரோட்டுப் பக்கம் எங்கள் புளோக். ஒரு சனிக்கிழமை காலை கீழே லிஃப்ட் ஓரத்தில் ஒரு வீட்டையே இறக்கி வைத்திருந்தார்கள். மெத்தை, தையல் மெஷின், ரைஸ் குக்கர், கட்டுக் கட்டாகப் பழைய தமிழ் முரசு. மேல் மாடியில் தனியாக இருந்த தாத்தா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டைத் திருப்பிக் கொடுக்க நாள் நெருங்கிவிட்டதால் பிள்ளைகள் காலி செய்துகொண்டிருந்தார்கள். சுவரில் சாய்த்து வைத்த மூன்று ஓவியங்களும் அதில் இருந்தன. இரண்டில் தண்ணீர் பட்டுப் பூஞ்சை ஏறியிருந்தது. மூன்றாவது நன்றாக இருந்தது. ஒரு வீவக நடைபாதையிலிருந்து பார்க்கிற காட்சி. மூங்கில் கழிகளில் துணி காய்கிறது. துணிகளுக்கு நடுவே தூரத்தில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கோபுரம். கோபுரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, வானம் தேவைக்கு மேல் நீலம். வலது கீழ் மூலையில் தமிழில் இரண்டு எழுத்து, பக்கத்தில் 88.

எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு கேன்வாஸ்தான். அடுத்த வாரம் ஒரு பட்டறைக்குப் பேர் கொடுத்திருந்தேன். வீசி எறிந்த கலைப்பொருட்களுக்குப் புது உயிர் கொடுப்பது என்று விளம்பரம். ‘உங்க பக்கத்துல யாராவது தூக்கிப் போட்ட படம், சிலை, பொம்மை எதுன்னாலும் கொண்டு வாங்க’ என்றார்கள். கொண்டு போனேன். இரண்டு கோட் வெள்ளை ஜெஸ்ஸோ பூசச் சொன்னார்கள். பூசினேன். கோபுரம் முதல் கோட்டிலேயே போய்விட்டது. நீலம் மட்டும் இரண்டாவது கோட் வரைக்கும் அடம்பிடித்தது. அதன்மேல் ஒரு சர்க்யூட் போர்டு மாதிரி எம்ஆர்டி தடங்களை வரைந்தேன். மாதக் கடைசியில் கண்காட்சி. என் படத்துக்குக் கீழே அட்டை: என் பெயர், வருஷம், ‘கைவிடப்பட்ட கேன்வாஸ் மீது அக்ரிலிக்’.

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தாத்தாவின் மகள்.

“தம்பி, எதிர்வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க, நீங்க கீழ இருந்து ஒரு படத்த எடுத்துட்டுப் போனீங்கன்னு. கோயில் இருக்குமே, அதுதானே? அப்பா வரைஞ்சது. அவசரத்துல தூக்கி வச்சுட்டோம், தப்பு எங்க மேலதான். திருப்பிக் குடுக்க வேணாம். என் மகன் பாக்கணுங்கிறான், ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்.”

படம் என் அறையில்தான் இருந்தது. போட்டோ எடுக்கத்தான் அதில் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். “பரவால்ல தம்பி, நாங்கதானே போட்டோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அந்த அட்டையில் இருந்த இரண்டு சொற்கள் என்னை விடவில்லை. ‘கைவிடப்பட்ட கேன்வாஸ்.’ அது பச்சைப் பொய். கேன்வாஸ் என்றால் கடையில் வாங்கும் வெற்றுத் துணி. எனக்குக் கிடைத்தது ஓவியம். ஒருவர் எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று முடிவெடுத்து, வண்ணம் குழைத்து, கையெழுத்துப் போட்டு, வருஷம் குறித்த ஒரு வேலை. அதை முதலில் மூலப்பொருள் என்று பெயர் மாற்றினால்தான் அதன் மேல் கூசாமல் வெள்ளை அடிக்க முடியும். பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னாலேயே மொழியால் அழித்துவிடுகிறோம்.

இன்றைக்கு இது ஒரு ஃபேஷன். பழைய படத்தின் மேல் டைனோசரை வரை, பழைய சிலையை உடைத்து மொசைக் ஒட்டு, பழைய புத்தகத்தை வெட்டிப் பூ செய். செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அடியில் இருப்பவரின் பெயரைக் கேட்காமல் செய்யாதே என்கிறேன். இதைச் சொன்னதும் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் எனக்கு நானே ஒருதரம் சொல்லிக்கொண்டவன்தான்.

முதல் பதில்: ‘தூக்கிப் போட்டதுதானே, யாருக்கு வேணும்?’ தூக்கிப் போட்டது யார்? வரைந்தவரா? வரைந்தவர் தன் படத்தைத் தானே அழித்தால் அது வேறு கதை. அமெரிக்காவில் ஜான் பால்டசாரி 1970-இல், 1953-க்கும் 1966-க்கும் இடையில் தான் வரைந்த ஓவியங்களைத் தகன மேடைக்கு அனுப்பி எரித்தார். அது அவருடைய படம், அவருடைய நெருப்பு. நம் ஊரிலேயே டான் டெங் கீ 1979-இல் நார்மன்டன் எஸ்டேட்டில் தன் வீட்டுக்கு எதிரே இருந்த திடலில் நூறு மீட்டர் நீள ஓவியத்தை விரித்து, வந்தவர்களுக்குத் துண்டு துண்டாக வெட்டி விற்றார். பிறகு தன் சிற்பம் ஒன்றைக் கொளுத்தினார். சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் அந்த மாலைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் லிஃப்ட் பக்கத்தில் கிடக்கும் படத்தை வரைந்தவர் எறிவதில்லை. வாரிசு எறிகிறார், ஆபீஸ் மாற்றும் கம்பெனி எறிகிறது, வாடகைக்கு விட்டவர் எறிகிறார். ‘கைவிடப்பட்ட’ என்ற செயப்பாட்டு வினை அந்த எழுவாயை மறைத்துவிடுகிறது. இலக்கணம் படித்த நமக்காவது அது உறைக்க வேண்டும்.

இரண்டாவது பதில்: ‘குப்பையைக் குறைக்கிறோம், சுற்றுச்சூழலுக்கு நல்லது.’ எரித்த குப்பையின் சாம்பலைக் கொட்டும் செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்கிறோம். உண்மையான கவலைதான். ஆனால் நான் ஒரு பொறியாளன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. அந்த ஓவியம் ஒரு கிலோ இருக்கும். அதைக் ‘காப்பாற்ற’ இரண்டு கோட் ஜெஸ்ஸோ, ஆறு டியூப் அக்ரிலிக், கையுறை, பிளாஸ்டிக் விரிப்பு. செமாக்காவுக்கு நான் அனுப்பியது படத்தின் எடையைவிட அதிகமாக இருக்கலாம். குப்பையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மிக எளிய வழி, அந்தப் படத்தை அப்படியே சுவரில் மாட்டுவது.

மூன்றாவதுதான் உண்மையான பதில். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: ‘அது ஒண்ணும் பெரிய படம் இல்லையே.’ சரி. ஜார்ஜெட் சென் கையெழுத்துப் போட்ட ஒரு படம் லிஃப்ட் பக்கத்தில் கிடைத்திருந்தால் நான் ஜெஸ்ஸோ பூசியிருப்பேனா? நேஷனல் கேலரிக்கு ஓடியிருப்பேன். அப்படியானால் இங்கே வேலை செய்வது கலைக் கொள்கை அல்ல, ஆள் பார்த்து நடத்துவது. பெயர் உள்ளவர் படத்தைப் பாதுகாப்போம், பெயர் இல்லாதவர் படத்தின்மேல் ‘புதுமை’ செய்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்த ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளியின் (அவர் செம்பவாங்கில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்) படம் நமக்கு மூலப்பொருள். எளியவர் தலையில் மட்டும் ஏறுகிற ஒரு சோதனையைச் ‘சோதனை முயற்சி’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொஞ்சம் படித்தவர்கள் இந்த இடத்தில் ராபர்ட் ரவுஷன்பெர்க்கை இழுப்பார்கள். 1953-இல் அவர் வில்லெம் டி கூனிங்கின் ஓர் ஓவியத்தை ரப்பரால் அழித்து அதைத் தன் படைப்பாக வைத்தார். அதைவிட வன்முறை உண்டா என்பார்கள். போய் அந்தக் கதையை முழுக்கப் படியுங்கள். அவர் எடுத்தது குப்பையிலிருந்து இல்லை. அன்று அமெரிக்காவில் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரின் வீட்டுக் கதவை, கையில் ஒரு விஸ்கி பாட்டிலோடு தட்டினார். அழிக்க ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். டி கூனிங்குக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கொடுத்தார். இழந்தால் தனக்கு வலிக்கும் படமாக, சுலபத்தில் அழியாத படமாகப் பார்த்துக் கொடுத்தார். அழிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடைசியில் சட்டகத்துக்குள் ஜாஸ்பர் ஜான்ஸ் எழுதிய தலைப்பில் டி கூனிங்கின் பெயரும் இருக்கிறது, ரவுஷன்பெர்க்கின் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் ஒரு அழுக்குத் தாள்தான். அனுமதி கேட்டான், பெரியவரிடம் கேட்டான், பெயரைப் போட்டான். நான் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை.

‘நம்ம மரபுல சிற்பி பெயர் போடுவாரா? கோபுரத்துக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புது வர்ணம் அடிக்கலையா?’ என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. நாங்கள் இருவரும் 2018-இல் பெருமாள் கோயில் கும்பாபிஷேகக் கூட்டத்தில் நசுங்கியவர்கள். ஆனால் கோயிலில் யாரும் திடீரென்று ஏணி போட்டுப் பிரஷ்ஷை எடுப்பதில்லை. முதலில் பாலாலயம். மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, வேறிடத்தில் வைத்துப் பூசை நடக்க வழி செய்த பிறகுதான் திருப்பணி. வேலை முடிந்ததும் திரும்ப மாற்றுவார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த முறையில் ஒரு பண்பு இருக்கிறது: நீ தொடப்போகும் பொருளுக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, முதலில் அதற்கு ஓர் இடம் கொடு, அப்புறம் கை வை. எங்கள் பட்டறையில் அந்த இடத்தில் ஜெஸ்ஸோ டப்பா மட்டும்தான் இருந்தது.

மரபு என்று பேசுவதானால் அதன் இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமி, சரஸ்வதி படங்கள் நாடெங்கும் போயின. செட்டிநாடு உட்படப் பல ஊர் வீடுகளில் அந்த அச்சுப் படங்களுக்குப் பெண்கள் ஜரிகை தைத்தார்கள், சம்கி ஒட்டினார்கள், துணியில் சேலை கட்டிவிட்டார்கள். அச்சுப் படத்தை எடுத்து வேறொரு கலை செய்தார்கள். இன்று ஏலக் கூடங்களில் அவை விற்கின்றன. ரவி வர்மா பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். ஜரிகை தைத்தவள் பெயர் இருக்காது. ஆக இங்கே புதிது, பழையது என்ற விதிகூட இல்லை. முதலில் செய்தவரோ, பிறகு செய்தவரோ, யாருக்கு அதிகாரம் குறைவோ அவர் பெயர் விழுந்துவிடும். அந்தப் பட்டியலில் நான் இன்னும் ஒருவரைச் சேர்த்தேன்.

வேறு மாதிரிச் செய்ய முடியுமா? செய்திருக்கிறார்கள். எங்கள் புளோக்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பெருமாள் கோயிலை ஒட்டிய பெருமாள் ரோட்டில், பி-10 என்று ஒரு சின்னக் கலை இடம் இருந்தது. 2004 செப்டம்பரில் அங்கே கோ குவாங் ஹவ் என்ற கலைஞர் ‘எர்ராட்டா’ என்ற கண்காட்சியை வைத்தார். பிழைதிருத்தம் என்று அர்த்தம். கண்காட்சி அழைப்பிதழ், கையேடு, செய்தித்தாள் நறுக்கு என்று மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும் காகிதங்களைப் பல வருஷங்களாகச் சேர்த்து வருபவர் அவர். சிங்கப்பூர்க் கலை வரலாறு பற்றி குவோக் கியன் சாவ் 1996-இல் எழுதிய பெரிய புத்தகத்தில், 71-ஆம் பக்கத்தில், 47-ஆவது படத்தின் கீழே ஒரு பிழை இருந்தது. சுவா மியா டீயின் ‘தேசிய மொழி வகுப்பு’ ஓவியத்துக்கு 1950 என்று வருஷம் போட்டிருந்தார்கள். சரியான வருஷம் 1959. கோ தன் காகிதங்களை வைத்து அந்த ஒரு எண்ணைத் திருத்தினார். அதுதான் கண்காட்சி.

ஒன்பது வருஷ வித்தியாசத்துக்கு இவ்வளவா? ஆமாம். அந்த ஓவியத்தில் இளைஞர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். 1950 என்றால் அது வெள்ளைக்காரன் ஆட்சியில் ஏதோ ஒரு வகுப்பு. 1959 என்றால் சிங்கப்பூர் சுயாட்சி பெற்ற வருஷம், மலாய் தேசிய மொழியான காலம், சீனப் பிள்ளைகள் விரும்பி வந்து அதைக் கற்கும் நேரம். எண் மாறினால் படமே மாறிவிடும். இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்தில் கரும்பலகையில் ஆசிரியர் எழுதியிருப்பது இரண்டு எளிய கேள்விகள். உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

எறியப்பட்டதிலிருந்து புதுக் கலை என்றால் எனக்கு இனி இதுதான் அளவுகோல். கோ காகிதங்களின்மேல் எதையும் பூசவில்லை. அவற்றைப் பேச விட்டார். முடிவில் நமக்குக் கிடைத்தது அடுத்தவருடைய படத்தின் சரியான பிறந்த வருஷம். நான் செய்ததோ நேர் எதிர். 88 என்று தெளிவாக எழுதியிருந்ததை அழித்துவிட்டு அட்டையில் என் வருஷத்தைப் போட்டேன்.

இதை எழுதுவது ஓவியர்களுக்காக மட்டும் இல்லை, இந்த இதழைப் படிக்கிற நமக்கும்தான். நம்மில் எத்தனை பேர் பழைய சிறுகதைத் தொகுப்பின் பக்கத்தைக் கறுப்பு மார்க்கரால் அடித்து, மிச்சச் சொற்களைக் கவிதை என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறோம்? அறுபதுகளின் தமிழ் முரசுக் கவிதையிலிருந்து நாலு சொல்லை உருவி ‘கிடைத்த கவிதை’ என்கிறோம். யாரிடமிருந்து கிடைத்தது? யாப்புத் தெரிந்த ஓர் ஆசிரியரோ, துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரோ, தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பியது. அந்தப் பெயர் அதே பக்கத்தில், கவிதைக்குக் கீழேயே இருக்கும். செதுக்கும்போது முதலில் செதுக்குவது அதைத்தான். நாம் எழுதியதை யாராவது பெயர் இல்லாமல் பகிர்ந்தால் மட்டும் நள்ளிரவு வரைக்கும் சண்டை போடுகிறோம்.

என் வேலையில் இப்படி நடக்காது. எந்தப் பொறியியல் வரைபடமானாலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும், டைட்டில் பிளாக். யார் வரைந்தது, யார் சரிபார்த்தது, எத்தனையாவது ரிவிஷன், முந்தையதில் என்ன மாறியது, எல்லாம் அதில் இருக்கும். பழைய ரிவிஷன் காலாவதியானால் அதன்மேல் முத்திரை குத்தி எடுத்து வைப்போம், கிழிக்க மாட்டோம். முதல் ரிவிஷனை அழித்துவிட்டு இரண்டாவதைப் புது வரைபடம் என்று நான் கொடுத்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு ஏர்கான் குழாய்க்கு நாங்கள் கொடுக்கிற மரியாதையை ஒரு மனிதர் வரைந்த கோபுரத்துக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் வலது கீழ் மூலையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆகவே பட்டறை நடத்துகிறவர்களிடமும், பிரஷ் எடுக்கிறவர்களிடமும், மார்க்கர் எடுக்கிறவர்களிடமும் நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, தொடுவதற்கு முன் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள். கைப்பேசி இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. இரண்டு, யாருடையது என்று விசாரியுங்கள். புளோக்கில் நாலு கதவைத் தட்டுவது கஷ்டமில்லை, என் கதவைத் தட்டி அந்த அம்மா காட்டிவிட்டார்கள். மூன்று, அட்டையில் எழுதுங்கள். பெயர் கிடைத்தால் பெயர். கிடைக்காவிட்டால் ‘பெயர் தெரியாத ஒருவர் வரைந்த, துணி காயும் நடைபாதை ஓவியத்தின் மேல்’ என்று அங்கே என்ன இருந்தது என்பதையாவது எழுதுங்கள். 2021-இல் வந்த காப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைப்பாளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையைக் கொண்டுவந்தது. சட்டமே அந்தத் திசையில் நடக்கும்போது கலைஞர்கள் பின்னால் நிற்கக் கூடாது.

இந்த மூன்றையும் செய்தபிறகும் வெள்ளை அடிக்கத்தான் தோன்றினால் அடியுங்கள். பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு பாதிப் பேருக்குக் கை வராது என்பது என் கணிப்பு.

நான் அந்த அம்மாவை மறுபடி போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டதைவிட, அப்பா பெயரைக் கேட்டதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அவர் எப்போது வரைய ஆரம்பித்தார், எந்தக் கடையில் வண்ணம் வாங்குவார், ஏன் வானத்தை அவ்வளவு நீலமாக அடிப்பார் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கோபுரத்தில் அப்போது இருந்த வர்ணம் வேறாம், அதற்கப்புறம் மாற்றிவிட்டார்களாம். அந்த வர்ணம் அந்தப் படத்தில் இருந்தது.

கண்காட்சி அட்டையைக் கிழித்துப் போட்டேன். புது அட்டையில் முதல் வரியில் அவர் பெயர், 1988. இரண்டாவது வரியில் ‘இதன் மேல் வெள்ளை பூசி வரைந்தவன்’ என்று என் பெயர். இந்தக் கட்டுரையில் அப்பா பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னார்கள். ஆகவே போடவில்லை. படத்தில் இருக்கிறது. படம் இப்போது அவர்கள் வீட்டில்தான். முன்பக்கம் சுவரைப் பார்த்தபடி, பின்பக்கம் தெரியும்படி மாட்டியிருக்கிறார்கள். நான் திருப்பி மாட்டச் சொல்லவில்லை.